தலைமை உண்ணுநரின் சஷ்டி விரதம்

பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது சத்துணவில் விதி. விஷம் இருந்தால் முதலில் பெரியவர் போகட்டும் என்கிற நல்லெண்ணம். சத்துணவு ஆய்வு அதிகாரியாக இருந்த என் உத்தியோக காலம் முழுக்க அந்த நல்லெண்ணத்தின் பேரில்தான் நான் சாப்பிட்டேன். எங்கள் வட்டாரத்தில் நான் ருசி பார்க்காத சாம்பார் கிடையாது. நான் ஜீப்பை விட்டு இறங்கினால் முட்டைகள் தாமாகவே ஓடு கழன்று வரிசையில் நிற்கும். ஓய்வு பெற்ற அன்று என் வயிற்றுக்குத் தனியாக ஒரு மாலை போட்டார்கள்.

ஆகவே, சாப்பாட்டு விஷயத்தில் அரசாங்கம் செய்யும் கிறுக்குத்தனத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. நானே பாதிக் கிறுக்குத்தனத்துக்குக் கையெழுத்துப் போட்டவன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது பெரிய கிறுக்குத்தனம். பருப்பு விலை ஏறிக்கொண்டே போனது. சிலிண்டர் கேட்டால் அடுத்த மாதம் வந்தது. சமையலர் ஓய்வு பெற்ற இடங்களில் ஆள் போடவில்லை. ஒரே அம்மாள் மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓடிப் பொங்கினாள். முதல் பள்ளியில் பிள்ளைகள் பிரார்த்தனை முடிந்ததும் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். மூன்றாவது பள்ளியில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது சாப்பிட்டார்கள். பருப்பு வாங்கலாம், ஆள் போடலாம் என்று துறையில் எவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் அந்த நாற்காலி வரை போயிருக்க மாட்டான்.

அவர்களுக்குத் தோன்றியது வேறு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு எதற்கு? பசி அடங்குவதற்கு. அப்படியானால் நேரடியாகப் பசியையே அடக்கிவிட்டால் சாப்பாடு மிச்சம்.

தொடக்க விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. விழாவில் மதிய விருந்து உண்டு என்று கேள்விப்பட்டதால் போனேன். மேடையில் மிருணாளினி என்று ஒரு சின்னப் பெண். ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் விஞ்ஞானி. கையில் ஒரு இடுப்பு வாரும் ஒரு மணிக்கட்டுப் பட்டையும் வைத்திருந்தாள்.

"சாப்பிட்டா வயிறு மூளைக்கு ஒரு சேதி அனுப்பும். 'போதும்'னு. அதுக்குன்னு ஒரு நரம்பு இருக்கு. அந்தச் சேதியை இந்த வார் எடுத்துக்கும், இந்தப் பட்டை வாங்கிக்கும். அவ்வளவுதான் சார், ரொம்ப சிம்பிள். ஒருத்தர் சாப்பிட்டா போதும், மாவட்டம் பூரா வயிறு நிறையும்."

"நிறையும்னா, நிஜமாவா?" என்றார் முன்வரிசையில் ஒரு அதிகாரி.

"நிறைஞ்ச மாதிரி இருக்கும் சார்."

"அது போதுமே!" என்று அந்த வரிசை முழுக்கக் கை தட்டியது.

"சத்து?" என்று நான் கேட்டேன். என் வாய் அப்படி.

"சத்துக்குத் தனியா வில்லை குடுப்போம் சார். தினம் ஒண்ணு. டெண்டர் போட்டிருக்கோம்."

பிறகு செய்முறை விளக்கம். மேடையில் அந்த வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, இலை முன்னால் ஒருவர் உட்கார்ந்தார். யாரென்று பார்த்தால் நம்ம ஆறுமுகநயினார்! எனக்குக் கீழே எழுத்தராக இருந்தவன். முட்டை போடும் நாளில் மட்டும் ஆய்வுக்குப் போவான். ஒரு நாளில் ஒன்பது பள்ளிக்கூடத்தை ஆய்ந்து, திரும்பும்போது ஜீப்பின் ஒரு பக்கம் சாய்ந்து வரும். அவனைத்தான் 'மாவட்டத் தலைமை உண்ணுநர்' என்று நியமித்திருந்தார்கள். துறையின் வரலாற்றில் தகுதி பார்த்துப் போட்ட ஒரே நியமனம் அதுதான்.

நயினார் சோற்றைப் பிசைந்தான். சாம்பார், ரசம், மோர், இரண்டு பாயசம். கீழே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டை கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் கடைசி அப்பளத்தை நொறுக்கி வாயில் போட்டதும் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஏப்பம் விட்டார்கள். பந்தல் துணி ஆடியது என்றால் நம்பமாட்டீர்கள். ஆடியது.

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நயினார் மட்டும் திருதிருவென்று விழித்து, "இன்னொரு இலை போடுங்க" என்றான். அவன் வயிற்றிலிருந்து கிளம்பிய நிறைவு அவனிடம் நிற்கவில்லை, பிள்ளைகளிடம் போய்விட்டது. சாப்பிட்டும் நிறையாத வயிறு! முற்பிறவியில் என்ன புண்ணியம் செய்தானோ.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கீழ உப்போடை என்று ஒரு ஊர். உப்பளக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அங்கே இருக்கிறது. அங்கே சமையலர் செல்லக்கனி. கை ருசிக்கும் வாய்க் காரத்துக்கும் பேர் போனவள். நான் பதவியில் இருந்தபோது ஒருநாள் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டேன். "உங்க நாக்க ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் காயப் போடுங்க அண்ணாச்சி, உப்பு தானா ஏறும்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் நான் குறை சொன்னதில்லை.

திட்டம் வந்ததும் அவளுடைய சமையற்கூடத்தைப் பூட்டச் சொல்லிச் சாவியைக் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. சம்பளம் நின்றது. ஆனாலும் தினமும் வந்து கூடத்தைப் பெருக்கி, காலி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். "பொங்காத அண்டாவ எதுக்குக் கழுவுத?" என்று கேட்டவனை அவள் என்ன சொல்லித் திட்டினாள் என்பதை அச்சில் போட முடியாது.

முதலில் எல்லாருக்கும் சிரிப்புதான். பதினொரு மணிக்கு நயினார் வடை தின்றால் கணக்கு வகுப்பில் ஏப்பம். அவன் பிரியாணி சாப்பிடும் நாளில் ஆறாம் வகுப்பே மேசையில் தலை வைத்துத் தூங்கியது. ருசி வராது, அது அடுத்த கட்டமாம். வெறும் நிறைவு மட்டும். அதுவும் நயினாரின் நிறைவு. யானை குளித்த குட்டையில் எறும்பைப் போட்ட மாதிரி, பிள்ளைகள் பகலெல்லாம் அதில் மிதந்தார்கள். ராத்திரி வீட்டில் கஞ்சி வைத்தாலும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

சத்து வில்லை வந்ததா? எங்கே வர! ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனி மேல் வழக்குப் போட்டு, டெண்டர் நீதிமன்றத்தில் தூங்கியது. நிறைவு வந்துவிட்டது, சத்து வாய்தாவில் இருந்தது. பிள்ளைகள் இளைக்கிறார்கள் என்று ஒரு டீச்சர் எழுதிப் போட்டாள். துறை உடனடியாக நடவடிக்கை எடுத்தது. பள்ளிகளில் இருந்த எடை பார்க்கும் இயந்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாகக் கருத்துக் கணிப்பு. 'வயிறு நிறைந்திருக்கிறதா?' பிள்ளைகள் பொய் சொல்வார்களா? நிறைந்திருக்கிறது என்றார்கள். நூற்றுக்கு நூறு. அதற்கு ஒரு விருது வேறு கொடுத்தார்கள்.

செல்லக்கனிக்கு ஒரே மகள், பேச்சி. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்தவள். அதே பள்ளியில் ஐந்தாவது. ஒரு காலத்தில் இரண்டாவது முட்டைக்குத் தட்டை நீட்டி என்னிடமே வாதாடிய பெண். 'நீங்க ருசி பாத்தது என் முட்டைதான்' என்று ஒருமுறை சாதித்தாள். உண்மைதான், கொடுத்தேன். அவளைத் திட்டம் வந்து சில மாதம் கழித்துச் சமையற்கூட வாசலில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாவாடை நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தது. கை, அகப்பைக் காம்பு மாதிரி. அதில் தடியாக அந்தப் பட்டை.

"ஏட்டி, சாப்பிட்டியா?" என்றேன்.

"வயிறு நெறஞ்சிருக்கு தாத்தா" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

செல்லக்கனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பாத்தீகளா உங்க ஆளு லெட்சணத்த? அங்கன அவன் திங்கான், இங்கன எம்புள்ள தேயுதா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, ரத்தமே இல்லியாம். இப்படியே போனா வெயிலு வரைக்கும் தாங்க மாட்டாளாம். சாப்பிட வைங்கன்னு சொல்லுதாங்க. எப்படி வைக்க? வாயத் தொறக்கணும்லா? அடிச்சிக் கூடப் பாத்தேன் அண்ணாச்சி. அழுதுக்கிட்டே, 'எம்மா, எடமில்லம்மா'ங்கா."

"பட்டையைக் கழட்டிர வேண்டியதானே?"

"ராத்திரி கழட்டுனாலும் மறுநாள் ஆப்சென்ட். தொடர்ந்து ஆப்சென்ட் ஆனா பேர அடிச்சிருவாங்க. வருகைப் பதிவு, ரேசன், வைத்திய அட்டை எல்லாத்தையும் இந்தப் பட்டைக்குள்ளதான் திணிச்சு வச்சிருக்கானுவ. வைத்திய அட்டை இல்லாம புள்ளைய எங்க கொண்டு காட்ட?"

நான் நேரே நயினார் வீட்டுக்குப் போனேன். அரசு செலவில் ஐந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நயினார் கூடத்தில், நாலு நாற்காலியை உடைத்துச் சேர்த்த மாதிரி ஒரு நாற்காலியில் இருந்தான்.

"வாங்க அண்ணாச்சி! இலை போடச் சொல்லட்டா?"

"நயினாரு, பிள்ளைங்க இளைக்குதுவே. கொஞ்சம் குறைச்சுத் தின்னா என்ன?"

அவன் கண் கலங்கியது. நடிப்பில்லை, அதுதான் கொடுமை. "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய! நான் எனக்காவா திங்கேன்? பிள்ளைங்களுக்காவத்தானே! நான் ஒரு வாய் குறைச்சா ஒரு லெச்சம் பிள்ளைக்குக் குறையும்லா? காய்ச்சல் வந்தன்னைக்குக் கூட, கடமைன்னு, ஆட்டுக்கால் சூப்போட நிறுத்திக்கிட்டேன்."

இவனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. மிருணாளினிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, அந்த ஆள் ஒரு நாள் சாப்பிடலைன்னா என்ன ஆகும்?"

"சாப்பிடாம இருக்க மாட்டார் சார். அதுக்குத்தானே அவரைத் தேர்ந்தெடுத்தோம்."

"ஒரு பேச்சுக்குக் கேக்கேன்."

"பசி போகும் சார். நரம்பு ஒண்ணுதானே? 'போதும்'னாலும் அதுலதான் போகும், 'கொண்டா'ன்னாலும் அதுலதான் போகும்."

"அவனுக்குப் பசிக்குமா?"

"பசிக்காது. அதுதான் அவரை விட்டுக் கிளம்பிடுதே. ஆனா சார், அப்படி நடக்க வாய்ப்பே இல்லை. எங்க கணிப்புல பூஜ்யம்."

போனை வைத்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. காலண்டரில் பாதி நாள் விரதமாக இருக்கிற நாட்டில், அதற்கு வாய்ப்பு பூஜ்யம் என்று ஒருத்தி கணக்குப் போட்டிருக்கிறாள்! நயினார் இதுவரை ஒழுங்கான விரதம் இருந்ததில்லை என்பது வாஸ்தவம். கிருத்திகைக்கு அவன் பலகாரம்தான் சாப்பிடுவான். இட்லி, தோசை, பொங்கல் எல்லாம் பலகாரம்தானே என்று ஆரம்பித்து, மற்ற நாளைவிடக் கூடுதலாகவே முடிப்பான்.

ஆனால் அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. மாநிலத் தலைமை உண்ணுநர் என்று ஒரு பதவி வரப்போவதாகப் பேச்சு.

தீபாவளி முடிந்த மறுநாள் போய் நின்றேன். "நயினாரு, மாநிலப் பதவிக்கு மேற்கே ஒருத்தன் முயற்சி பண்ணுதானாம். ஒரே உட்காரல்ல ஒரு கிடாயாம்."

அவன் முகம் செத்தது.

"ஒண்ணு சொல்லட்டா? உனக்கு முருகன் பேரு. சஷ்டி வருது. ஆறு நாள் வெறும் தண்ணி. பல்லுல பச்சத் தண்ணி தவிர வேற ஒண்ணும் படக்கூடாது. அப்படி இருந்தவனுக்குச் செந்தூரான் எதை இல்லேன்னிருக்கான்?"

"ஆறு நாளா! என்னால முடியுமா அண்ணாச்சி?"

"உன்னாலதான் முடியும். வார மட்டும் கழட்டிராத."

"அத எப்படிக் கழட்ட! கழட்டுனா அன்னைக்குப் படி கிடையாதுல்லா" என்றான் நயினார்.

விரதம் தொடங்கிய அன்று காலையில் நான் கீழ உப்போடைக்குப் போய்விட்டேன். வேடிக்கை பார்ப்பதில் எனக்கு எப்போதும் முதல் வரிசை வேண்டும். செல்லக்கனியிடம் முன்கூட்டியே சொல்லி அரிசி, பருப்பு வாங்கி வைத்திருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

இரண்டாவது மணி அடிப்பதற்கு முன்னால் பேச்சி வகுப்பை விட்டு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எம்மா, எனக்கு என்னமோ செய்யி."

"என்னட்டி செய்யி? மயக்கம் வருதா?"

"இல்ல. வயித்துக்குள்ள யாரோ கூப்பிடுதாங்க."

செல்லக்கனி அவளையே பார்த்தாள். பிறகு அவளைப் பிடித்து உலுக்கி, "அது பசிட்டி! மூதி, அது பசி! மறந்துட்டியா?" என்று கத்திக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். கத்தலோடு அழுகையும் வந்தது. பருப்பில் கொஞ்சம் விழுந்திருக்கும். உப்பு சரியாக இருந்தது.

அதற்குள் பள்ளிக்கூடமே எழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்து அழுதார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மூக்கு ஞாபகம் வைத்திருந்தது. புகை வந்த பக்கம் பார்த்து ஓடிவந்தார்கள். சாதாரணப் பசியா அது! ஆறுமுகநயினாரின் பசி. ஒன்பது பள்ளிக்கூடத்தை ஒரே நாளில் ஆய்ந்தவனின் பசி. ஒன்றாவது படிக்கும் வாண்டு ஒன்று சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பை நக்கியது. உப்பளத்திலிருந்து தாய்மார் செய்தி கேட்டு, கையில் கிடைத்த கருவாட்டையும் முருங்கைக்கீரையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தட்டு தட்டாகப் போனது. பேச்சி ஒரு தட்டு சாப்பிட்டாள். இரண்டாவது தட்டு. நான் மகிழ்ந்துபோய் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தட்டில் அவள் அழ ஆரம்பித்தாள். வயிறு மேளம் மாதிரி விம்மி நிற்கிறது. வாய் மட்டும் 'பசிக்கி, பசிக்கி' என்கிறது. சுற்றிப் பார்த்தால் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். ஒரு பையன் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டை நீட்டினான்.

என் கை மீசையிலேயே நின்றுவிட்டது. இதை நான் யோசிக்கவில்லை. பட்டை கையில் இருக்கும்வரை பிள்ளைக்குள் இருப்பது பிள்ளையின் வயிறு அல்ல, நயினாரின் வயிறு. அதை எந்த அண்டா நிறைக்கும்?

செல்லக்கனி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன செஞ்சீக அண்ணாச்சி?"

சொன்னேன்.

"ஒத்தப் புள்ளைக்காவ ஊருப்பட்ட புள்ளைங்கள வயிறெரிய விட்டுட்டு வந்து நிக்கீகளா? எங்கிட்ட அடுப்பு இருக்கு, பொங்குதேன். அண்டாவையே தூக்கிட்டுப் போன பள்ளிக்கூடத்துல புள்ளைங்க என்ன செய்யும்? உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு!"

 

அவள் அரிவாள்மணையைக் கவிழ்த்துப் பிடித்து, பேச்சியின் கையை இழுத்து, பட்டைக்குக் கீழே அலகை விட்டாள். தலைமையாசிரியர் ஜெபஸ்டின் ஓடிவந்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம்.

"ஏம்மா, ஏம்மா! அறுத்தா ஆப்சென்ட் காட்டுமே!"

"புள்ள கண்ணு முன்னால நிக்கால்லா சார்! பேரு சொல்லிக் கூப்பிடுங்க, 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லுதாளா இல்லியான்னு பாருங்க. அதுக்கு எதுக்குக் கம்பெனிக்காரன்?"

பட்டை அறுந்து விழுந்தது. பேச்சி அழுகையை நிறுத்தினாள். கையில் இருந்த கவளத்தைப் பார்த்து, அதைத் தட்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஏப்பம் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"எம்மா! இது என் ஏப்பம்!"

அன்று மதியம் கீழ உப்போடைப் பள்ளியில் ஒரு பட்டை மிச்சமில்லை. ஜெபஸ்டின் சாரே கடைசியில் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். துறையின் திரையில் அந்தப் பள்ளி முழுக்க ஆப்சென்ட். செய்தி பரவ, மாலைக்குள் மாவட்டத்தில் படிக்கும் பிள்ளையே கிடையாது என்று கணினி சொல்லிவிட்டது. பூட்டிய சமையற்கூடங்களைப் பெற்றோர் உடைத்தார்கள். அண்டா இல்லாத ஊரில் கல்யாண மண்டபத்து அண்டா வந்தது. எல்லா ஊருக்கும் வந்ததா என்று கேட்காதீர்கள். செல்லக்கனி கேட்டாள், அதுவே எனக்குப் போதும்.

இந்த நேரத்தில் நயினார் வீட்டில் நடந்ததுதான் துறையின் பெருமை. பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, கூடத்தில் சம்மணமிட்டிருந்தான். பசி ஒரு துளி இல்லை. எல்லாம் பிள்ளைகளிடம் போய்விட்டதே! முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் புன்னகை செய்தான். தெருச்சனம் 'சித்தராயிட்டாரு' என்று விழுந்து கும்பிட்டு விபூதி வாங்கிப் போனது.

அவனைச் சாப்பிட வைக்கத் துணை இயக்குநர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். சஷ்டி விரதக்காரனிடம் போய் 'சாப்பிடும்' என்று எப்படிச் சொல்வது? விபூதி வாங்கிக்கொண்டு திரும்பி, உதவி இயக்குநரை அனுப்பினார். உதவி இயக்குநருக்கு வீட்டில் மகள் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. விரதத்தைக் கலைத்த பாவம் எதற்கு என்று கண்காணிப்பாளரை அனுப்பினார். கண்காணிப்பாளர், 'நான் வேற மதம், நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும்' என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் ஒரு ஓட்டுநரை அனுப்பினார்கள். அவர் நயினாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் விரதம் தொடங்கிவிட்டார்.

"வாரையாவது கழட்டச் சொல்லுங்க!" என்று சென்னையிலிருந்து மிருணாளினி அலறினாள்.

"விரதக்காரர் இடுப்பில் கை வைப்பது யார்?" என்று விளக்கம் கேட்டுத் துறை திருப்பி எழுதியது. பதில் வருவதற்குள் சூரசம்ஹாரமே முடிந்துவிட்டது.

முருகன் கண் திறந்தான். நயினாருக்கு மாநிலப் பதவி கிடைத்தது. ஆறு நாள் தண்ணீரில் இருந்து காட்டிய கட்டுப்பாட்டைப் பாராட்டி என்று உத்தரவில் எழுதியிருந்தார்கள். சமையற்கூடங்களைத் 'தற்காலிகமாக'த் திறக்க இன்னொரு உத்தரவு. செல்லக்கனிக்குச் சம்பளம் திரும்பியது. பேச்சியின் பாவாடையில் ஊக்கு இடம் மாறியது. பிறகு ஒருநாள் காணாமலே போனது.

கதை இத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். துறையைப் பற்றி முழுக்கத் தெரிந்த நானே அப்படி நினைத்தேன் பாருங்கள்.

பங்குனி வெயிலில் மிருணாளினி கீழ உப்போடைக்கு வந்தாள். பை நிறைய இடுப்பு வார்கள். எல்லாம் சின்ன அளவு.

"போன தடவை தப்பா யோசிச்சுட்டோம் சார். நிறைவை அனுப்பினோம். அது எல்லார்கிட்டயும் இருக்கு. கிடைக்காதது பசிதான். சென்னையில எத்தனை பேர் பசியே எடுக்காம கஷ்டப்படறாங்க தெரியுமா? மாத்திரை, நடை, யோகா, ஒண்ணும் வேலைக்காகல. விரதம் தொடங்கின அன்னைக்குப் பதிவானதை வெச்சுப் பார்த்தோம். பசி அவ்வளவு சுத்தமாப் போயிருக்கு! பிள்ளைங்க ஒரு மணி நேரம் வாரைக் கட்டிக்கிட்டாப் போதும். இவங்க பசி அங்க போயிடும். இவங்களுக்கும் பசிக்காது, நிம்மதியாப் பாடம் கவனிக்கலாம். உப்பளத்துப் பிள்ளைங்க பசி முதல் தரம்னு ஆய்வு சொல்லுது."

"அப்புறம் சோறு?" என்றாள் செல்லக்கனி.

"அது இருக்கும்மா. இந்தத் திட்டத்துக்கு ஒத்துழைக்கிற பள்ளியில சமையற்கூடம் நிரந்தரம். ஒத்துழைக்கலைன்னா..." மிருணாளினி முடிக்கவில்லை. கெட்ட பெண் இல்லை; முடிக்க வெட்கமாக இருந்தது போல.

"பசியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா நான் பொங்குறத எவம்மா திம்பா?"

மிருணாளினி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு சோதனை" என்றாள் அவள். "முதல் வாடிக்கையாளர் லைன்ல காத்திருக்கார். நீங்களே பேசுங்க, உங்களுக்குத் தெரிஞ்சவர்தான்."

போனை ஒலிபெருக்கியில் போட்டாள். நயினாரின் குரல். ஆனால் அதில் கொழுப்பே இல்லை. ஓட்டைப் பானையில் காற்று புகுந்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சியா? நல்லாருக்கீகளா? அண்ணாச்சி, வாரக் கழட்டிட்டாங்க. ஆனா ஒண்ணும் திரும்பி வரல. பசியும் வரல, நிறைவும் வரல. வாசல் ரெண்டும் அடைஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு. இலையில எல்லாம் இருக்கு. வைக்கோல மெல்லுத மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் பசிச்சாப் போதும் அண்ணாச்சி. ஒரே ஒரு மணி நேரம். என்ன வேணும்னாலும் செய்யுதேன்."

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசம். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த பேச்சியைப் பிடித்து மிருணாளினி வாரைக் காட்டினாள்.

"பாப்பா, உன் பசியைக் கொஞ்சம் அந்த மாமாவுக்குத் தர்றியா?"

பேச்சி வாரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.   செல்லக்கனி கரண்டியை இறுகப் பிடித்திருந்தாள்.

"தரமாட்டேன்" என்றாள் பேச்சி. "அது எனக்கு இப்ப வேணும். இன்னைக்கு முட்டை."



பேச்சிக்கு மனசு கேட்கவில்லை போல. இரண்டாவது முட்டைக்காக என்னிடம் வாதாடிய அதே பெண், போனுக்குப் பக்கத்தில் குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னாள்:

"மாமா, உங்களுக்கு வேணும்னா இங்க வாங்க. வந்து ஓடுங்க. ஓடுனாப் பசிக்கும்."

மணி அடித்தது. அவள் தட்டெடுக்க ஓடிவிட்டாள். மிருணாளினி வாரைப் பைக்குள் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அதற்குள்ளிருந்து, மாநிலத் தலைமை உண்ணுநர் மெதுவாகக் கேட்டார்:

"எந்தப் பக்கமா ஓடணும், பாப்பா?"